பூட்டு எத்தனை நிமிடம் தாங்கும்?

இந்த முறை கேள்விகள் பெரும்பாலும் மரக்காணம் பக்கத்திலிருந்து. எல்லாம் சைக்கிள் பூட்டைப் பற்றி. விடியுமுன் உப்புப் பாத்திக்குப் போகிறவருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் சைக்கிள்தான் கால். அது களவு போனால் மறுநாள் கூலியும் மறுநாள் வகுப்பும் சேர்ந்தே போகின்றன. அதனால் ஒரு கேள்வியையும் தள்ளாமல் பதில் சொல்கிறேன்.

உப்பளத் தொழிலாளி, மரக்காணம்: யாராலும் உடைக்க முடியாத சைக்கிள் பூட்டு எது?

அப்படி ஒன்று இல்லை. பூட்டு தருவது நேரம் மட்டும்தான். பிரிட்டனில் 1992-இல் போலீஸாரின் முயற்சியில் ‘சோல்ட் செக்யூர்’ என்ற சோதனை அமைப்பு உருவானது. திருடன் கொண்டுவரும் கருவிகளையே சோதனையாளர் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கடிகாரத்தை ஓடவிட்டுப் பூட்டை உடைப்பார். எந்தக் கருவிக்கு எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது என்பதைப் பொறுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம். நெதர்லாந்தில் ‘ஆர்ட்’ என்ற அமைப்பு இதே வேலையைச் செய்து நட்சத்திரம் கொடுக்கிறது. ‘உடையவே உடையாது’ என்று இரண்டு பேருமே சான்று கொடுப்பதில்லை. பேட்டரியில் ஓடும் கிரைண்டர் வந்த பிறகு பெரும்பாலான நல்ல பூட்டுகளுக்கும் ஓரிரு நிமிடம்தான் ஆயுள். எனவே நீங்கள் கேட்க வேண்டியது வேறு: என் பூட்டு தாங்குகிற நேரத்துக்குள் அந்தப் பக்கம் ஓர் ஆள் வருவாரா? வருவார் என்றால் நடுத்தரப் பூட்டே போதும். வர மாட்டார் என்றால் எந்தப் பூட்டும் போதாது.

கல்லூரி மாணவர், ஆலப்பாக்கம்: மூன்று எண் உள்ள நம்பர் பூட்டு வாங்கலாமா?

000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். நொடிக்கு ஒன்றாகத் திருப்பினால் 17 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நான்கு எண் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் அந்தப் பூட்டில் கோத்திருக்கும் மெல்லிய கேபிளை வெட்ட அரை நிமிடம்கூட வேண்டாம் என்பதால், எண்ணைத் தேடி யாரும் மெனக்கெடப்போவதில்லை. இருட்டில் எண் தெரியாது, உப்பேறினால் வளையம் சுற்றாது. உங்கள் ஊருக்குச் சாவிப் பூட்டே மேல்.

உப்பளத் தொழிலாளி, மரக்காணம்: வரப்பில் கம்பமும் இல்லை, மரமும் இல்லை. எதோடு சேர்த்துப் பூட்டுவது?

வந்த கடிதங்களில் முக்கியமான கேள்வி இது. வெளிநாட்டு அறிவுரை எல்லாம் ‘நல்ல கம்பமாகப் பார்த்துப் பூட்டுங்கள்’ என்றுதான் தொடங்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையும் வானமுமாகக் கிடக்கிற இடத்தில் கம்பத்துக்கு எங்கே போவது?

பின்சக்கரத்தில் மாட்டியிருக்கும் வளையப் பூட்டு, ஏறி ஓட்டிக்கொண்டு போவதைத்தான் தடுக்கும். தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. சாதாரண சைக்கிளை ஓர் ஆள் தனியாகவே தூக்கிவிடலாம். ‘குட்டி யானை’ சரக்கு வண்டி ஒன்று சாலையோரம் நின்றால் வேலை முடிந்தது. ஆகவே முதல் வழி, ஜோடி சேர்ப்பது. இரண்டு சைக்கிள்களை எதிரெதிர்த் திசை பார்த்து ஒட்டி நிறுத்துங்கள். ஒரு சங்கிலியை இரண்டின் ஃபிரேம் வழியாகவும் பின்சக்கரங்கள் வழியாகவும் விட்டுப் பூட்டுங்கள். ஒன்று கிழக்கே உருளும், மற்றது மேற்கே உருளும். இரண்டையும் சேர்த்துத் தள்ளவும் முடியாது, ஒருவர் தூக்கவும் முடியாது. சேர்ந்து வந்து சேர்ந்து திரும்பும் குழுவுக்குச் செலவில்லாத வழி இதுதான்.

இரண்டாவது வழிக்கு உப்பள உரிமையாளரின் மனது வேண்டும். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டி போட்டால் அதன் எடை ஏறக்குறைய 68 கிலோ. அதில் துத்தநாகம் பூசிய ஒரு தடித்த இரும்பு வளையத்தைப் பதித்து, சைக்கிள் நிற்கும் மேட்டில் புதைத்துவிட்டால் பல வருடத்துக்குக் கம்பம் ஆயிற்று. நாலு கட்டிக்கு ஆகிற செலவு ஒரு பழைய சைக்கிளின் விலைக்குக் கீழே. இதைத் தொழிலாளி தன் கையிலிருந்து போட வேண்டியதில்லை. வேலைக்கு வருகிறவரின் வண்டி திரும்பும்போது அங்கேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது வேலை தருபவரின் கடமை என்பதே என் கருத்து.

சைக்கிள் கடைக்காரர், மரக்காணம்: திருடன் கை வைக்கும் முன்பே உப்பு பூட்டைத் தின்றுவிடுகிறதே. என்ன செய்ய?

ஐயா, உங்கள் கடைக்கு வரும் பூட்டுகளில் உடைக்கப்பட்டவற்றைவிட இறுகிப்போனவை அதிகமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

நடப்பது இதுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். பாத்தி உப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் ஒட்டியிருக்கும். அதற்கு 33 சதவீத ஈரமே போதும். மழை நாளில் கல் உப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். அதே கசிவு பூட்டுக்குள் இரவுதோறும் நடக்கிறது. பகலில் காய்கிறது, ராத்திரி நனைகிறது, மறுபடி காய்கிறது. நனையும்போது மெல்லிய உப்புநீர்ப் படலமும் காற்றும் சேர்ந்து இரும்பை அரிக்கின்றன. அடர்ந்த உப்புநீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். அதனால் பாத்திக்குள்ளேயே விழுந்து கிடக்கும் பூட்டைவிட, வரப்பின் மேல் நனைந்து காய்ந்து கிடக்கும் பூட்டுதான் சீக்கிரம் கெடும். உள்ளே பித்தளை ஊசிகள், வெளியே இரும்பு வளைவு, உடம்பு துத்தநாகக் கலவை என்று மூன்று உலோகங்கள் இருந்தால் இன்னும் மோசம். உப்புநீர் அவற்றை இணைத்து ஒரு சின்ன மின்கலமாக்கிவிடும். மூன்றில் நலிந்தது முதலில் கரையும்.

சோதனைக்கூடத்தில் உலோகத்தின் துருத் தாங்கும் திறனைப் பார்க்க 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் பனிபோல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மரக்காணத்துக் கோடையில் கதவைத் திறந்து வைத்தாலே பாதிச் சோதனை நடந்துவிடும்.

வைத்தியம் எளிது. வாரம் ஒரு முறை பூட்டை நல்ல தண்ணீரில் முக்கி, சாவியைப் போட்டு நாலைந்து தடவை திருப்புங்கள். உப்பைக் கரைக்க நல்ல தண்ணீருக்கு மிஞ்சிய மருந்து இல்லை. கவிழ்த்து வைத்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு சாவித் துவாரத்தில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. கழுவாமல் எண்ணெய் விட்டால் உள்ளே இருக்கிற உப்பும் மணலும் எண்ணெயோடு குழைந்து பசையாகிவிடும். பலரும் செய்கிற தவறு இது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட நாள்படப் பிசுக்காகும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் ஆவியாகிப் போய் உலோகத்தை வெறுமையாக விட்டுவிடும். கிரீஸை வளைவில் தடவலாம், துவாரத்தில் திணிக்கக் கூடாது. பூட்டை மாட்டும்போது சாவித் துவாரம் தரையைப் பார்த்து இருக்கட்டும்.

வாங்கும்போதே பித்தளை உடம்பும் துருப்பிடிக்காத எஃகு வளைவும் உள்ளதாக வாங்கினால் பாதித் தொல்லை குறையும். படகுத்துறைகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இல்லத்தரசி, எக்கியார்குப்பம்: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நின்ற சைக்கிள் பூட்டியபடியே இருக்கிறது. சாவி பாதிதான் நுழைகிறது.

2024 நவம்பர் 30 ராத்திரி உங்கள் கரையில் ஏறிய புயல் அது. இத்தனை நாள் ஆன பிறகும் அந்தப் பூட்டுக்கு வழி உண்டு அம்மா. சாவியை அழுத்தித் திருப்பாதீர்கள், உள்ளே முறிந்தால் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல தண்ணீரை மீண்டும் மீண்டும் துவாரத்தில் ஊற்றிக் கழுவுங்கள். உலர்ந்ததும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் சாவியை மெதுவாக உள்ளே வெளியே இழுங்கள், திருப்ப வேண்டாம். முழுதாக நுழைந்த பிறகே திருப்புங்கள். மூன்று நாள் இப்படிச் செய்தும் நுழையவில்லை என்றால் சைக்கிள் பில்லோடு கடைக்காரரிடம் போய் வெட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டிவனம்: திண்டுக்கல் பூட்டு இருக்கும்போது வெளிநாட்டுத் தரச் சான்று எதற்கு?

திண்டுக்கல் பூட்டின் மேல் எனக்கும் மிகுந்த மரியாதை. உள்ளே நெம்புத் தகடுகள் வரிசையாக நிற்கும். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் தாழ் நகரும். கையால் ராவிச் செய்வதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வீட்டுக் கதவுக்கும் கோயில் கதவுக்கும் அது ராஜா.

சைக்கிளுக்கு இரண்டு சிக்கல். ஒன்று கனம். இரண்டு, உப்புக் காற்றில் அந்தத் தகடுகள் இறுகிவிடும். வீட்டுத் திண்ணையில் கனத்த சங்கிலியோடு சைக்கிளைப் பூட்டிவைக்க வாங்குங்கள். வரப்புக்கு வேண்டாம். சான்றைப் பற்றிக் கேட்டீர்கள். கைவினைஞரின் பெயர் ஒரு நம்பிக்கை, கடிகாரம் வைத்து உடைத்துப் பார்த்தது ஒரு தகவல். திண்டுக்கல் பூட்டையும் அப்படி உடைத்துப் பார்த்து நிமிடக் கணக்கை அச்சிட்டு ஒட்டினால் அந்த ஊரின் தொழிலுக்குத்தான் லாபம்.

மீனவர், கூனிமேடு: கடையில் ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதியிருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். ஒரு சின்னக் காந்தத்தை வளைவில் வையுங்கள். ஒட்டவில்லை, பித்தளையும் இல்லை என்றால் பெரும்பாலும் மெல்லிய துத்தநாகக் கலவை. (துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளும் ஒட்டாது.) அடுத்து ஒரு அரத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரே ஓர் இழுப்பு. அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினப்படுத்திய எஃகு. பல் பதிந்து பளபளவென்று கோடு விழுந்தால் மென்மையான இரும்பு; ஹாக்ஸா பிளேடும் அப்படியே இறங்கும். கடைசியாக, அதே மாதிரிப் பூட்டு வைத்திருக்கும் நாலு பேரின் சாவியை வாங்கி உங்கள் பூட்டில் போட்டுப் பாருங்கள். மலிவான வளையப் பூட்டுகளில் சாவி வகைகள் குறைவு, ஒன்று திறந்தாலும் திறக்கும். திறந்தால் அதே நாளில் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

தகவல் தொழில்நுட்ப ஊழியர், புதுச்சேரி: விலை உயர்ந்த அமெரிக்கப் பூட்டு வாங்கினால் நிம்மதிதானே?

2004-இல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் பேர்பெற்ற பூட்டு ஒன்றைச் சாதாரண பிளாஸ்டிக் பேனாவின் கூட்டால் திறக்க முடிகிறது என்று அம்பலமானது. நிறுவனம் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றை இலவசமாகக் கொடுத்தது. எஃகு தடிமனாக இருந்தது, சாவித் துவாரம் ஏமாற்றியது. விலையை மட்டும் பார்க்காமல் இரண்டையும் பாருங்கள்.

அதே வாசகர்: பூட்டு அப்படியே இருந்தது, சீட்டும் முன்சக்கரமும் மட்டும் போய்விட்டன!

அதே கிரிப்டோனைட் நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு சைக்கிளைத் தெருக் கம்பத்தில் முப்பது நாள் பூட்டி வைத்தது. பூட்டு நின்றது, கழற்ற முடிந்த பாகம் ஒவ்வொன்றும் போய்விட்டது. விரலால் திருகிக் கழற்றும் சக்கரத் தாழை எடுத்துவிட்டு நட்டு போல்ட் போடுங்கள். இருப்பது ஒரே பூட்டு என்றால் பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் கம்பத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள். பின்சக்கரத்தில்தான் செலவு அதிகம்.

பிளஸ் ஒன் மாணவி, அனுமந்தை: அரசு கொடுத்த சைக்கிள் எல்லாம் ஒரே நிறம், ஒரே மாதிரி. என்னுடையது காணாமல் போனால் எப்படி நிரூபிப்பேன்?

தங்கச்சி, அருமையான கேள்வி. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடியினப் பிளஸ் ஒன் மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005 வாக்கில் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டம் அது. எத்தனையோ பெண்கள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் படித்ததற்கு அந்த இரண்டு சக்கரங்கள் காரணம். அதைக் காப்பாற்ற நீ நினைப்பதே பெரிய விஷயம்.

சைக்கிளைக் கவிழ்த்துப் போடு. பெடல் அச்சு நுழைகிற குழாயின் அடியிலோ, சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ எண் குத்தியிருக்கும். அது எல்லா வண்டிக்கும் வேறு வேறு. அழுக்கைத் துடைத்துவிட்டு, மேலே ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய். எண் அப்படியே காகிதத்தில் ஏறும். அதை நோட்டில் ஒட்டி, பக்கத்தில் சைக்கிளோடு நீ நிற்கிற ஒரு படத்தையும் வை. எண்ணின் மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு பூசிவிடு, உப்புக் காற்றில் அந்த எண் துருவேறி அழிந்துவிடக் கூடாது. கடைசியாக, உன் பெயரும் பள்ளியின் பெயரும் எழுதிய சீட்டைச் சின்ன பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, ஹேண்டில்பார் பிடியைக் கழற்றி உள்ளே திணித்து மூடிவிடு. திருடுகிறவன் பெயின்ட் அடிப்பான், பெல்லை மாற்றுவான்; பிடிக்குள் பார்க்க அவனுக்குத் தோன்றாது.

ஜப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். நம் ஊரிலும் ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி உலோக வில்லை கொடுத்தன. வரி வேண்டாம், பதிவேடு மட்டும் உன் பள்ளியிலேயே தொடங்கலாம், தலைமையாசிரியரிடம் கேள்.

கட்டுமானத் தொழிலாளி, கூனிமேடு: பஸ் ஏறப் போனபோது ஈ.சி.ஆர். ஓரம் விட்ட சைக்கிள் போய்விட்டது. ‘பழைய சைக்கிளுக்கெல்லாமா புகார்?’ என்பார்களோ என்று ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

போங்கள். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூலை 1 முதல் திருட்டுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, ஆள் முதல் முறை தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அதில் எனக்கு மறுப்பில்லை; பசியில் எடுத்தவனைச் சிறையில் போட்டு யாருக்கும் நன்மை இல்லை. மறுப்பு அடுத்ததில்: உடன் வந்த நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை, இந்த 5,000 ரூபாய்க்குக் கீழான வகையை, நடுவரின் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாத குற்றங்களோடு வைத்திருக்கிறது.

உழைப்பாளியின் சைக்கிள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பு வேலை நிற்கும் மூன்று மாதத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் மழைக்கால நிவாரணமும் 5,000 ரூபாய்தான். ஒரு குடும்பம் மூன்று மாதம் தாங்கட்டும் என்று ஓர் அரசு கொடுக்கிற தொகை, இன்னொரு சட்டத்தில் அற்பத் தொகையாக நிற்கிறது. இந்தக் கோட்டை எழுதியவர்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறவரை நினைத்து எழுதவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: பில், ஃபிரேம் எண், படம் எடுத்துக்கொண்டு போங்கள். கேரியர், டைனமோ, பூட்டு என்று இருந்ததை எல்லாம் எழுதி உண்மையான மதிப்பைப் போடுங்கள்; கூட்டியும் எழுத வேண்டாம், கூச்சப்பட்டுக் குறைத்தும் எழுத வேண்டாம். சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அது உங்கள் உரிமை. மதிப்பு 5,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எல்லை காட்டித் திருப்பியனுப்பக் கூடாது. அதே நிறுத்தத்தில் வேறு நாலு பேருக்கும் போயிருந்தால் அவர்களையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக அவை சில்லறை. சேர்த்து வைத்தால் வண்டி வைத்து அள்ளும் ஒரு கும்பலின் தடம்.

வாசகர், மரக்காணம்: பில் இல்லாமல் 800 ரூபாய்க்கு நல்ல சைக்கிள் தருகிறார் ஒருவர். வாங்கலாமா?

வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அதே சட்டத்தின் 317-ஆம் பிரிவில் நீங்களும் குற்றவாளி. காயலான் கடையும் 800 ரூபாய் வாடிக்கையாளரும் இல்லையென்றால் சைக்கிள் திருட்டில் பாதி இன்றைக்கே நின்றுவிடும்.

சினிமா ரசிகர், புதுச்சேரி: சைக்கிள் திருட்டை வைத்து எடுத்த படங்களில் உங்களுக்குப் பிடித்தது?

விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, 1948. போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். முதல் நாளே, நாயகன் ஆண்டோனியோ ஏணியில் நின்று போஸ்டர் ஒட்டும்போது எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான் ஒருவன். வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ (2007) மோட்டார் பைக்கை வைத்து வேறு பாதையில் போகிறது. வண்டி போனால் வாழ்க்கை எப்படிக் கழன்றுபோகிறது என்பதை இரண்டும் நன்றாகக் காட்டுகின்றன. ரோம் நகரத்து ஆண்டோனியோ சைக்கிளைப் பூட்டவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

இளைஞர் மன்றத்தினர், அனுமந்தை: கிராம சபையில் இதைப் பற்றி என்ன கேட்கலாம்?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் இருக்கின்றன. அடுத்து வருவதில் ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள்: பேருந்து நிறுத்தத்தில் சைக்கிள் பூட்டும் கம்பிகள். தலைகீழ் ‘ப’ வடிவில் வளைத்த குழாய், துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, இரண்டு காலும் கான்கிரீட்டில். பெயின்ட் மட்டும் அடித்த இரும்பு உங்கள் காற்றுக்குத் தாங்காது. முன்சக்கரத்தை மட்டும் செருகும் பல்வரிசை ஸ்டாண்டு வேண்டாம், அதில் ஃபிரேமைப் பூட்ட முடியாது. ஒரு கம்பிக்கு இரண்டு சைக்கிள், கம்பிக்குக் கம்பி மூன்றடி இடைவெளி. இடம் தேர்ந்தெடுக்கும்போது நிறுத்தத்தின் பின்புறத்தை விட்டுவிட்டு, விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டுகிற டீக்கடைக்கு எதிரே, தெருவிளக்குக்குக் கீழே கேளுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றி, நகல் வாங்கிக்கொண்டு கலையுங்கள்.